தோட்டத்துப் பார்வையாளரும் தொலைக்காட்சித் தொடர்களும் – சில விமர்சனக் குறிப்புகள்

தொலைக்காட்சித் தொடர் நாடகங்கள் பற்றி எமது முற்போக்கு விமர்சன வட்டாரத்திற் பேச்செழும்போதெல்லாம் அது இரண்டு வாக்கியங்களுள் முடிந்துவிடுவதை நாம் அவதானித்துள்ளோம். அவை நச்சுக் கலை என்பது முதலாவது வாக்கியம். உழைக்கும் மக்களை, சிறப்பாகப் பெண்களை, அவர்தம் வாழ்க்கைப் பிரச்சினைகளினின்றும் திசைதிருப்புவன என்பது இரண்டாவது. இவ்விரு கூற்றுக்களிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயின், ஒரு நாவலைப் படிக்காமலே அதனை நிராகரிக்கும் ஒருவரை நாம் விமர்சகரென ஏற்பதில்லை. தொடர் நாடகத்தைப் பொறுத்தவரை மட்டும், பாராமலே தீர்ப்புக் கூறுதல் ஒருவகைத் தகுதியாகக் கொள்ளப்படுகிறது. அத்தகுதியை நாம் இழந்து பல காலமாயிற்று. 2003 முதல் 2009 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'கோலங்கள்' தொடரின் 1533 பகுதிகளுட் பெரும்பாலானவற்றை நாம் பார்த்துள்ளோம். 'எதிர்நீச்சல்' தொடரை விரும்பியே பார்த்தோம். இதனை முதலில் ஒப்புக்கொண்டு விடயத்துக்கு வருவதே நேர்மையாகும்.

எனினும் எமது விருப்பு வெறுப்புக்கள் இங்கு பெரிதல்ல. ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் பகுதித் தோட்டங்களில் இத்தொடர்களைப் பார்ப்போர் அவற்றைப் பற்றிக் கூறும் கருத்துக்களே எமது அக்கறைக்குரியன. அவற்றுள்ளும் குறிப்பாக ஒருவரது கருத்துக்கள். டிக்கோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்துவரும் அவர் எமக்கு அக்கா முறையானவர். ஆதலின் இக்கட்டுரையிலும் அவரை அக்கா என்றே குறிப்பிடுவோம். அவர் தொடர்களின் தீவிர இரசிகை. அதே வேளையில், தாம் பார்ப்பதைப் பற்றி அவர் கூறுபவை எமது சஞ்சிகைகளில் இத்துறை பற்றி வெளிவந்தனவற்றிலும் கூர்மையானவை என்பது எமது துணிபு. இரசிகர் வேறு விமர்சகர் வேறு என்ற எமது பழைய பாகுபாடு அவர் வீட்டு இஸ்தோப்பில் நிற்க முடியாமற் போய்விட்டது.

கருத்துக்களை நோக்குமுன் சாதனம் பற்றிச் சிறிது கூறவேண்டும். நுவரெலியாவுக்கு மேலே எழும் பிதுருதலாகல, 2524 மீற்றர் உயரமுடையது. இலங்கையின் மிகவுயர்ந்த மலை. 1982 பெப்ரவரி 15இல் ரூபவாஹினி தனது சேவையைத் தொடங்கியபோது அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் இம்மலையுச்சியிலேயே அமைந்தது. தீவெங்கும் படம் அனுப்பிய அக்கோபுரத்தின் அடிவாரத்து லயங்கள் பலவற்றில் அக்காலத்தில் மின்சாரம் இருக்கவில்லை. கார் பற்றரியைக் கொண்டு தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கியோரும், அப்பற்றரியைத் தோளில் தூக்கி நகருக்குச் சென்று மின்னேற்றி வந்தோரும் இன்றும் அக்காலத்தைக் கதையாகக் கூறுவர். லயத்தில் ஒரு வீட்டிற் பெட்டி இருந்தால் அது லயம் முழுவதற்கும் உரியது. 1998இல் சக்தி தொலைக்காட்சி தோன்றியதும், தமிழகத் தொடர்கள் கிரமமாக வரத் தொடங்கின. பின்னர் தகரக் கூரைகளின் மேல், காற்றுக்குத் தகரம் பறவாதிருக்க ஏற்றிய கற்களுக்கும் பழைய டயர்களுக்கும் இடையே, கிண்ண அலைவாங்கிகள் முளைத்தன. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் இணையவழிக் கல்விக்கென்று கடன்பட்டு வாங்கிய கைத்தொலைபேசிகள், பாடசாலைகள் திறந்தபின் வீட்டிலேயே தங்கிவிட்டன. தொடர் இன்று அவற்றின் வழியாகவும் வருகிறது.

இனி, அக்காவின் கருத்துக்களுக்கு வருவோம். திருச்செல்வம் இயக்கிய 'எதிர்நீச்சல்', 2022 பெப்ரவரி முதல் 2024 ஜூன் வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. ஒரே வீட்டில் நான்கு சகோதரர். மூத்தவன் ஆதி குணசேகரன். வீட்டுக்கு வந்த மருமக்கள் படித்தவர்கள். அவர்களைச் சமையலறையிலே நிறுத்திவைப்பதே குணசேகரனது ஆட்சியின் சாரம். வெளியே சென்று உழைக்கவும் தம் பெயரில் வாழவும் அப்பெண்கள் நடத்தும் போராட்டமே கதை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து, நிலமானிய ஆணாதிக்கத்தை நகைப்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர இடமாக்கிய முறை வியக்கத்தக்கது. 2023 செப்டெம்பர் 8இல் அவர் காலமானபோது, தாம் நாள்தோறும் வைதுவந்த ஒருவருக்காகத் தோட்டத்துப் பெண்கள் கண்ணீர் விட்டதை நாம் கண்டோம். பெண் விடுதலைக் கருத்தை இத்துணை பெருந்தொகையான பார்வையாளரிடம் எடுத்துச்சென்ற பிறிதொரு தமிழ்த் தொடரை நாம் அறியோம். ஆதலால், முற்போக்கானது என்று அதனைப் பாராட்டி அக்காவிடம் பேசினோம்.

அவர் கூறிய மறுமொழி இது: "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவுங்க வேலைக்கிப் போகணும்னு சண்ட போடுறாங்க. நாங்க ஒரு நாளாச்சும் வேலைக்கிப் போகாம இருக்கணும்னு சண்ட போடுறோம்."

நாம் சிறிது நேரம் பேசாதிருந்தோம். பெண் வீட்டைவிட்டு வெளியே சென்று உழைத்தலே விடுதலையின் முதற்படி என்னும் கருத்து எமது முற்போக்குச் சிந்தனையில் ஏறக்குறைய ஐயத்துக்கு அப்பாற்பட்டது. மலையகப் பெண்ணோ, தோட்டம் தோன்றிய நாள்முதல் வெளியே சென்று உழைப்பவள். விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையுடன் மலைக்கு ஏறுபவள். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிடில் முழுப் பேர் இல்லை, அரைப்பேர்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பது 1984இலேயே கைகூடிற்று. அதன்பின்னும், அவள் பெயரில் விழுந்த சம்பளத்தைக் கணவனோ தந்தையோ சென்று கையேற்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியதைப் பெருந்தோட்டப் பெண்கள் பற்றிய ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆயின் உழைக்கச் செல்வதால் மட்டும் விடுதலை வந்ததா? 'எதிர்நீச்சல்' இவ்வினாவை எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய அவசியமும் அதற்கு இருக்கவில்லை; அது பேசிய வர்க்கத்தில் இவ்வினா இன்னும் பிறக்கவில்லை. குறைபாடு தொடருடையது என்பதிலும், அதன் முற்போக்கை அளவுகோலின்றி ஏற்ற எம்முடையது எனலே பொருந்தும். அக்கா தொடரை நிராகரிக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். இரவு 9.30க்கு ஒளிபரப்பானதை, காலையில் ஐந்து மணிக்கு முன் எழவேண்டிய அவர், ஓர் இரவும் தவறவிட்டவரல்லர்.

இதே நோக்கிலேயே 'கோலங்கள்' மீது அவருக்குள்ள பற்றினையும் விளங்கிக்கொள்ளலாம். தேவயானி நடித்த அபி, குடும்பத்தின் சுமையைத் தன் சம்பாத்தியத்தாற் சுமக்கும் மூத்த மகள். "அபி கணக்குப் பாப்பா, மத்த நாடகத்துல யாரும் கணக்குப் பாக்கமாட்டாங்க" என்பது அக்காவின் தீர்ப்பு. திருமுருகனின் 'மெட்டி ஒலி' (2002–2005) இதனினும் மேலானது என்பார். தாயற்ற ஐந்து பெண்களைக் கரைசேர்க்க முயலும் சிதம்பரம் என்னும் தந்தையின் கதை அது. அங்கு வீடு சிறியது. பணம் போதாமை உண்டு. மனிதர் உண்பதும் சோர்வதும் உண்டு. பிற்காலத்துத் தொடர்களிற் பட்டுச் சேலையுடன் உறங்கியெழும் பெண்களைக் கண்டு அவர் சிரிப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவரது இளைய மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைசெய்கிறாள். தொடர்களில் வரும் வீட்டை ஒத்த வீடு. தாயும் மகளும் ஒரே பகுதியை வெவ்வேறு இடங்களிற் பார்த்துவிட்டுத் தொலைபேசியிற் பேசுவர். மகள் ஒருமுறை கேட்டாளாம்: "இவ்வளவு பேரு சாப்பிடுறாங்களே, அந்தக் குசினியில சட்டி பான கழுவுற புள்ள எங்கம்மா?" இத்தொடர்களைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதுவோர் இக்கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

நிலமும் சொத்துமற்ற ஒரு மக்கட் கூட்டம் சொத்துச் சண்டைத் தொடர்களில் ஏன் ஈடுபடுகிறது என்னும் வினா எம்மவராற் கேட்கப்படுவதுண்டு. பொய்யுணர்வு என்ற ஒரு சொல்லால் இதற்கு விடையிறுப்பர். எமக்கு இவ்விடை நிறைவளிக்கவில்லை. தொலைக்காட்சி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்னரே, இதே மக்கள் 'பொன்னர் சங்கர்' கூத்தை விடிய விடியப் பார்த்தனர். அதுவும் கொங்கு நாட்டுக் காணியாளரின் பங்காளிப் பகையே. தோட்டத்தில் ஓரடி நிலமும் தமக்கென இல்லாதவர், பொன்னருக்காகவும் சங்கருக்காகவும் தங்காளுக்காகவும் அழுதனர். அவர்களையும் பொய்யுணர்வினர் என்று கூற எமது நாட்டாரியல் ஆய்வாளர்கள் துணிவதில்லை. ஒன்றை மட்டும் வேறுபாடாகக் காட்டலாம். அக்கூத்திற் சாம்புவன் உண்டு. தாழ்த்தப்பட்ட குலத்தவனான அவன் கதையின் வீரர்களுள் ஒருவன். அவனை நீக்கினாற் கதை நடவாது. இன்றைய தொடரின் வேலைக்காரனோ காப்பித் தட்டுடன் வந்து மறைபவன்.

சொத்துச் சண்டையில் அக்கா உற்றுநோக்குவது சொத்தையன்று, பத்திரத்தை. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கும் காட்சி தொடர்களில் எண்ணிறந்தன. எம்போன்றோர் சலிப்படையும் அவ்விடத்திலேதான் அவர் நிமிர்ந்து உட்காருவார். 'எதிர்நீச்சல்' தொடரில் அப்பத்தாவின் பங்கு பற்றிய வழக்கு மாதக்கணக்கில் இழுபட்டபோது நாம் வெறுத்துப்போனோம், அவர் வெறுக்கவில்லை. இதன் காரணத்தை வரலாற்றிலே தேடல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை – ஒவ்வொன்றும் இம்மக்களின் வாசலுக்குப் படிவமாகவே வந்தது. பெருவிரல் பதித்த ஒரு தாளைப் பொறுத்து ஒருவர் இங்கிருப்பதும் கப்பலேறுவதும் தீர்மானமாயிற்று. ஒரே குடும்பத்தில் ஒருவர் தலவாக்கலையிலும் ஒருவர் கோத்தகிரியிலும் வாழ்ந்து மடிந்தமை இக்கையெழுத்துக்களின் விளைவே. 2017 மே 12இல் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்த நாளில் அக்காவும் கூட்டத்தில் நின்றார். ஏழு பேர்ச் காணி என்பது அதற்கு முன்னரே தோட்டங்களிற் பழகிய பேச்சு. வீடு கட்டிக் கொடுத்தாலும் உறுதி கையில் வந்ததா என்பதே அங்கு முதற் கேள்வி. "பாக்காம கையெழுத்துப் போடாதடி" என்று திரையை நோக்கி அவர் உரத்துக் கூறும்போது, அது கற்பனைப் பாத்திரமொன்றுக்கு மட்டும் விடுக்கும் எச்சரிக்கையன்று.

அவரது அவதானங்களுள் எமக்கு மிக முக்கியமானதாகப் படுவது, தொடரின் உருவம் பற்றியது. முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரியில் சீ5 தளத்தில் வெளிவந்த 'அயலி', அண்மைக்காலத்துத் தமிழ் இணையத் தொடர்களுட் சிறந்தவற்றுள் ஒன்று. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமமொன்றிற் பூப்படைந்த பெண்ணைப் படிப்பை நிறுத்தி மணமுடித்துக் கொடுக்கும் வழக்கம். மருத்துவராக விரும்பும் தமிழ்ச்செல்வி, தான் பூப்படைந்ததை ஊருக்கு மறைத்துப் பள்ளிக்குச் செல்கிறாள். எட்டுப் பகுதிகளையும் அக்கா இரண்டே நாட்களிற் பார்த்துமுடித்தார். தம் மூத்த மகளை ஒன்பதாம் வகுப்பில் நிறுத்தியதை நினைந்து வருந்தவும் செய்தார். எனினும் ஈற்றில் அவர் கூறியது: "நல்ல புள்ள. ஆனா தம்பி, நம்ம பத்தடிக் காம்பராவுல எத ஒளிக்கிறது?"

இதனைச் சிறிது விரித்து நோக்கலாம். தொடர் நாடகத்தின் கதை இயங்குவது இரகசியத்தால். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று ஒருவர் ஒட்டுக்கேட்க வேண்டும். மாடிப்படியில் நின்று ஒருவர் பார்த்துவிட வேண்டும். இவை யாவற்றுக்கும் அறைகள், கதவுகள், மாடிப்படி வேண்டும். தொடரின் வீடு பெரிதாயிருப்பது பார்வையாளரைக் கவர்வதற்கு மட்டுமன்று. அதன் கதைப் பொறியே அவ்வீட்டின் கட்டட அமைப்பிலிருந்து பிறப்பது. லயத்திலோ ஒரே கூரையின் கீழ் வீடுகள் தொடராக அடுக்கப்பட்டுள்ளன. அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் இங்கு கேட்கும். யார் வீட்டில் அரிசி இல்லை, யார் வீட்டிற் கணவன் குடித்துவிட்டு வந்தான், எந்தப் பெண் எப்போது பெரியவளானாள் என்பன யாவும் எல்லோருக்கும் தெரியும். இரகசியம் என்பது இடவசதியோடு தொடர்புடைய ஒன்று. தனிமனித அந்தரங்கத்தை மையமாகக் கொண்ட கலைவடிவம் தனியறைகளையுடைய வர்க்கத்தோடு தோன்றியது என்பதை, நாவலின் தோற்றம் பற்றிய வகுப்புக்களில் நாம் ஆண்டுதோறும் கூறுகிறோம். அதே உண்மையைக் கொழுந்துக் கூடை சுமப்பவர் ஒரே வினாவிற் கூறிவிட்டார்.

மலையக மக்களது சொந்த நாடக வடிவம் இரகசியத்தை நம்பியதன்று. மாசி மாதத்திற் கம்பம் நட்டுப் பல இரவுகள் தொடர்ந்து நடைபெறும் காமன் கூத்து, உண்மையில் இம்மக்களின் பழைய தொடர் நாடகமே. மன்மதன் எரிவான் என்பதும் பின்னர் எழுவான் என்பதும் குழந்தைக்கும் தெரியும். எனினும் தப்பு முழங்க, இரதி அழ, தோட்டமே நின்று பார்க்கிறது. என்ன நடக்கும் என்பதில் அங்கு ஆவலில்லை. இவ்வாண்டு மதனாக ஆடுபவன் எப்படி ஆடுகிறான், இரதியின் புலம்பல் நெஞ்சைத் தொடுகிறதா என்பதிலேயே ஆவல். அவ்வாறு பார்த்துப் பழகிய கண்களே தொலைக்காட்சியையும் பார்க்கின்றன. கதை எங்கே போகும் என்று அக்கா எம்மைக் கேட்டதேயில்லை.

கைத்தொலைபேசியும் இணையத் தளங்களும் இதில் ஏற்படுத்தியுள்ள மாற்றத்தை முற்றாக நன்மையென்றோ தீமையென்றோ கூற இயலாது. நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரி முதல் இலங்கையிலுங் கிடைக்கிறது. ஆயின் அதற்கு வங்கி அட்டை வேண்டும், கட்டணம் டொலரில். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2021இலும், 1350 ரூபா 2024இலும் கைகூடிய ஒரு தொழிற்றுறையில் அக்கட்டணம் என்ன பொருள்படும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆதலின் தோட்டத்தவர் இத்தளங்களைப் பெரும்பாலும் வேறு வழிகளிலேயே அணுகுகின்றனர். யூரியூப்பில் வரும் துண்டுகளையும், நண்பர் கைமாற்றும் கோப்புக்களையும், நகரில் உழைக்கும் பிள்ளையின் கணக்கையும் கொண்டு பார்க்கின்றனர். இளைஞர் கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலிற் பார்க்கின்றனர். இவற்றில் எமக்குக் குறையில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: முன்னர் இஸ்தோப்பில் இருபது பேர் கூடிப் பார்த்து, இடையிடையே வைது, சிரித்து, வாதிட்ட விமர்சனக் களம் இன்று போர்வைக்குள் ஒளிரும் சிறு திரையாகச் சுருங்கிவிட்டது. 2022இல் நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவிய மாதங்களில், மின்னேற்றம் எஞ்சியிருந்த ஒரே தொலைபேசியைச் சுற்றி ஆறேழு பேர் குந்தியிருந்து பார்த்ததை அக்கா சிறிது மகிழ்ச்சியோடேயே நினைவுகூருவார்.

இணையத் தொடர்களில் தொழிலாளர் முற்றாக இல்லாமலில்லை. 2022 ஜூனில் அமேசான் பிரைமில் வெளிவந்த 'சுழல்', மலைப்பாங்கான ஒரு சிறுநகரில், சீமெந்துத் தொழிற்சாலை வேலைநிறுத்தத்துடன் தொடங்குகிறது. பார்த்திபன் நடித்த சண்முகம் தொழிற்சங்கத் தலைவர். தொழிற்சங்கத்தோடு பிறந்து வளர்ந்த ஹற்றன் பகுதிப் பார்வையாளருக்கு இது எத்துணை நெருக்கமான தொடக்கம்! ஆயின் அதே இரவில் ஆலை எரிகிறது. சண்முகத்தின் மகள் காணாமற் போகிறாள். அதன்பின் தொழிலாளர் எங்கே? எட்டுப் பகுதிகளையும் திறம்படச் செய்துள்ளனர் என்பதை மறுக்கமாட்டோம். மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கதையோடு பிணைத்த முறையும் போற்றத்தக்கது. வேலைநிறுத்தம் என்னவாயிற்று என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை. அக்காவின் கணவர், பழைய தலைவர் ஒருவர், தொடர் முடிந்ததும் கேட்ட முதற் கேள்வியும் அதுவே: "ஸ்ட்ரைக்கு தீந்துச்சா, இல்லியா?"

எமது நாட்டிலே இதற்கு மாற்று உருவாகவில்லையா என்று கேட்போர், 1975இல் வெளிவந்த 'புதிய காற்று' திரைப்படத்தை நினைவுகூருவர். தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தாமே தயாரித்து நடித்த அப்படம், தோட்டத் தொழிலாளரைத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடி முயற்சி. அதன் துணிவை மதிக்கும் அதே வேளை, தமிழகச் சினிமாவின் கதாநாயக வாய்பாட்டை அது விட்டு விலகவில்லை என்பதையும் கூறவேண்டும். வானொலியில், சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற தொடர்கள் ஈழத்துப் பேச்சுத்தமிழுக்குப் பெருந்தொகையான நேயர்களைத் தேடித்தந்தன. ஒலியிற் கைவந்தது ஒளியில் ஏன் கைவரவில்லை என்பது தனியாக ஆராயத்தக்கது. பணமின்மை ஒரு காரணம். அது மட்டுமே காரணமென நாம் கருதவில்லை. தோட்டத்தைப் பற்றித் தொடர் எடுக்க விழைவோர், தமிழகத் தொடரின் உருவத்தை அப்படியே பெயர்த்து, மாடிவீட்டுக்குப் பதில் லயத்தையும் பட்டுச் சேலைக்குப் பதிற் படங்கையும் வைத்தாற் போதுமென எண்ணுவதே பெருந்தடை. லயத்தின் கதைக்கு ஒட்டுக்கேட்பவர் வேண்டாம். எல்லோரும் அறிந்த ஒன்றை எல்லோரும் சேர்ந்து எதிர்கொள்ளும் கதையே அங்கு நடப்பது. பிரட்டுக்களத்திலும் கொழுந்து மடுவத்துத் தராசின் முன்னிலையிலும் நாள்தோறும் அது நடந்துகொண்டிருக்கிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்த நடைப்பயணத்திலும் அதுவே நடந்தது. அதன் ஒளிப்படத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இத நாடகமா எடுத்தா நாள் தவறாமப் பாப்பேன்" என்றார்.

'எதிர்நீச்சல்' தொடரின் அடுத்த பாகம் 2024 டிசம்பர் 23இல் தொடங்கிற்று. நாம் அடுத்தமுறை தோட்டத்துக்குச் சென்றபோது, தாமும் அதனைப் பார்ப்பதாகக் கூறிய அக்கா, எம்மிடம் ஒரு வேலையும் ஒப்படைத்தார். மாலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு, படங்கை அவிழ்த்துக் கம்பியிற் போட்டபடியே அவர் சொன்னார்:

"நீங்கதான் விடாமப் பாக்குறீங்களே தம்பி. அந்தப் புள்ளைங்க வேலைக்கிப் போயி மொத மாசச் சம்பளம் எடுக்குறன்னைக்கி, அத யாரு கையில வாங்குறாங்கன்னு காட்டுறானுங்களான்னு பாத்துச் சொல்லுங்க. நான் தூங்கிட்டேன்னா எழுப்பிச் சொல்லுங்க."